நாலு மணிக்குப் பிறகு

வண்ணாரப்பேட்டையில் வங்கி ஷட்டரை இறக்கும் சத்தம்
எங்கள் மாடிவரை கேட்கும்.
அதுதான் எங்களுக்குக் கடை திறக்கிற மணி.
ஆவுடையப்பன் அண்ணாச்சி ஃபேனைப் போடுவார்.
இரண்டு பேரேடுகளில்
கீழே இருப்பதை நான் உருவுவேன்.
மேலே இருப்பது வருமானவரிக்காரருக்கு;
அதில் நாங்கள் ஏழைகள்.

கிரேஸ் ஜெயக்கனி டீச்சர்
ஓய்வுபெற்ற பணம் ஆறு லட்சத்தை
ஒண்ணரை ரூபாய் வட்டிக்குத் தந்தார்.
வங்கியில் முக்கால் தேறாது.
அதே ஆறு லட்சம் மூணு ரூபாய் வட்டியாகி
மேலப்பாளையம் பீர்க்கண்ணு கைக்குப் போய்,
அங்கிருந்து முன்பணமாகக் கடல் தாண்டி
வென்சோ என்கிற ஊரில்
சென் முதலாளியின் மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலைக்கு.

பீர்க்கண்ணு ஒரு தடவை போய்வந்து சொன்னான்:
"அங்கயும் இதே கததான் வே.
பெரிய வங்கியெல்லாம் சர்க்கார் கம்பெனிக்குத்தான் கதவு தொறக்கும்.
இரும்பாலைக்குக் குடுப்பான்,
ஒருத்தனும் குடிவராத நாப்பது மாடிக்குக் குடுப்பான்.
சின்ன முதலாளி போனா டீயக் குடுத்து அனுப்பிருவான்.
அவன் ராத்திரி உத்தரவாதக் கம்பெனின்னு ஒரு மாடி ஏறுவான்.
வட்டி என்ன தெரியுமா?
மூணு ஃபென்.
மாசத்துக்கு, நூத்துக்கு மூணு.
நம்ம ரேட்டு வே!"
தூரத்து ஊரில் சொந்தக்காரனைக் கண்டுபிடித்தவன்போலச் சிரித்தான்.

அந்த மாடிக்குப் பணம் யார் தருவது என்றேன்.
அந்த ஊர் டீச்சர்கள்தான் என்றான்.
வங்கிக் கவுண்டரிலேயே இன்னொரு தாளை நீட்டுவார்களாம்.
முத்திரை இருக்குமாம்,
வங்கியுடையது இல்லையாம்.

வைகாசியில் தாமிரபரணி
குறுக்குத்துறைப் பக்கம் வெறும் மணலாய்க் கிடக்கும்.
ஆறு செத்துப்போச்சு என்பான் வெளியூர்க்காரன்.
முழங்கை ஆழம் தோண்டினால் ஊறும், குடிக்கலாம்.
எங்கள் பணத்தையும் நான் அப்படித்தான் எண்ணியிருந்தேன்,
மணலுக்கு அடியில் போகிறது,
போகிறவரை யாருக்கு என்ன நஷ்டம் என்று.
லாரிகள் வந்துபோன வருஷம்
அதே இடத்தில் தோண்டியவர்களுக்குக் களிமண் வந்தது.
அதையும் பார்த்தவன்தான் நான்.

ஐப்பசியில் சென் முதலாளி ஓடிப்போனார்.
அங்கே மஞ்சள் கடுதாசி கிடையாதாம்;
கொடுத்துவிட்டு நாலு நாள் தலைகுனிந்து
ஐந்தாம் நாள் டீக்கடைக்கு வந்துவிட முடியாதாம்.
தூத்துக்குடியில் பாதிச் சரக்கு இறங்கியது.
ஆயிரத்து நானூறு சட்டம்.
கண்ணாடி கிடையாது.
பீர்க்கண்ணு மூட்டையாகவே கொண்டுவந்து மாடியில் போட்டான்,
"இதான் அண்ணாச்சி எங்கிட்ட இருக்கு."
அண்ணாச்சி ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தார்.
யாரும் சிரிக்கவில்லை.

ஒண்ணாம் தேதி டீச்சர் வருகிறார்.
ஒன்பதாயிரம் எண்ணித் தருகிறேன்.
பேட்டைக்காரர் ஒருவர்
மகள் கல்யாணத்துக்கென்று நேற்றுப் போட்டதிலிருந்து
பிய்த்தது அது.
டீச்சர் ஒவ்வொரு நோட்டாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார்.
"கள்ள நோட்டு நெறைய வருதாம்லா."
நோட்டு நல்ல நோட்டுதான் டீச்சர்.

அவர் இறங்க, ஒருவர் ஒதுங்கி நின்று ஏறிவருகிறார்.
கீழ் வங்கியின் காசாளர்.
ஷட்டர் சாவி இன்னும் விரலில் தொங்குகிறது.
டிபன் பையிலிருந்து இரண்டு லட்சம்.
"வீட்டுக்காரி பேர்ல வேண்டாம். பேரே வேண்டாம்."
எவ்வளவு தருவீங்க என்கிறார்.
ஒண்ணரை, என்கிறார் அண்ணாச்சி
என்னைப் பார்க்காமல்.

பேர் எழுதும் இடத்தில் ஒரு கோடு இழுக்கிறேன்.
எழுந்தவர் மூட்டையைக் கவனிக்கிறார்.
"அந்தச் சட்டத்துல ஒண்ணு கெடைக்குமா,
பையன் போர்டு தெரியலங்கான்.
கண்ணாடி
நான் போட்டுக்கிடுதேன்."